போஸ் கொடுத்த புறாக்கள்

“மகன்தான் மேடம். இனிமே சந்தேகப்படறதுக்கு அந்த வீட்ல வேற ஆளே பாக்கி இல்லை.”

“பாக்கி இருக்கறவன்தான் குற்றவாளின்னா, கடைசி பஸ் ஓட்டற டிரைவரையெல்லாம் பிடிச்சு உள்ளே போடணும்.”

“போடலாமே. அவனுங்க பேசற பேச்சுக்கு.”

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவள் ஐம்பதைத் தாண்டியவள். இறந்துபோனவர்கள் நிஜமாகவே இறந்துபோனார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறாள். போலீஸ்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் மேடம். பின்னால் வந்த உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது அவன் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

“சரி, நீயே ஒரு தடவை கோர்வையா சொல்லு,” என்றாள் மேடம். “எங்கே இடிக்குதுன்னு பார்ப்போம்.”

“பெரியவருக்குத் தொண்ணூத்தேழு வயசு. ரயில் ஓட்டினவர். ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் பேப்பர் படிச்சுட்டு, பேப்பர்ல இருக்கறவங்களோட சண்டையும் போட்டுட்டு நல்லாத்தான் இருந்தார். பார்த்துக்க ஒரு நர்ஸை வெச்சாங்க. அவ வந்ததுலேர்ந்து பகல்ல தூக்கம், எழுந்தா தலைசுத்தல், ஒரு தடவை குளியலறையில விழுந்தே போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, அங்கே பழைய மாத்திரையெல்லாம் நிறுத்தி வெறும் சலைன் ஏத்தினாங்க. மறுநாளே எழுந்து உட்கார்ந்து பேப்பர் கேட்டார். வீட்டுக்கு வந்தா மறுபடியும் படுக்கை. மகன் நர்ஸ் மேல புகார் கொடுத்துட்டார், மெல்ல மெல்ல விஷம் வைக்கிறான்னு. போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் வேடிக்கை. அவ ஸ்டேஷன்ல இருக்கா. பெரியவர் இங்கே மயங்கிக்கிட்டே இருக்கார். அங்கேர்ந்து இங்கே விஷம் வைக்க அவ என்ன மந்திரவாதியா? சாப்பாடு கொடுக்கறது இப்போ மகன் ஒருத்தர்தான். கணக்கு நேரா இருக்கு.”

“ரத்தத்துல என்ன இருந்துச்சு?”

ரேடியோவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர ஒண்ணும் இல்லை.”

“மாத்திரை அட்டைகள்?”

“ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை.”

“இங்கேதான் இடிக்குது,” என்றாள் மேடம். நடுப்படியில் நின்றுவிட்டாள்.

காலையில் அவள் அலுவலகத்துக்கு நர்ஸின் அக்கா வந்திருந்தாள். அழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டே பேசினாள். ஆறு மணிக்குத் தங்கையை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள்; அதற்குப் பிறகு சிறை; வெளியே வந்தாலும் இந்தப் பேரோடு எந்த வீட்டில் எந்த நோயாளியை நம்பி ஒப்படைப்பார்கள்? இன்ஸ்பெக்டரிடம் மேடம் பேசிப் பார்த்தாள். ஆறு மணிக்குள் உருப்படியாக ஏதாவது கொண்டுவந்தால் கேட்கிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர்.

இப்போது ஐந்தரை தாண்டிவிட்டது.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு சற்று முன் பார்த்த அறையை மறுபடி பார்த்தாள். மகனுக்கே எழுபத்திரண்டு வயது, நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். மேஜைமேல் நாளுக்கொரு கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி, அதன் விளிம்பு மேஜையின் விளிம்புக்கு நேராக. கிண்ணத்தில் வாழைப்பழம். சாயங்கால மாத்திரைகளைக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கிப் பழத்தில் கலந்து அப்பாவுக்கு ஊட்டுவாராம். “அந்தப் பொண்ணு செஞ்சதுலேயே உருப்படியான காரியம் இது ஒண்ணுதான்,” என்றிருந்தார். “முன்னாடியெல்லாம் அப்பா கையில மாத்திரையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருப்பார். நான் பக்கத்துல நின்னா தொண்டையை அடைக்குதும்பார். வெளியே போய் நிப்பேன். இப்போ அந்தத் தொல்லை இல்லை.” சொல்லிவிட்டு, அவர்கள் கிளம்புவதற்குள் காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேச ஆள் இல்லாதபோது பேட்டரி எதற்கு வீணாக வேண்டும்.

அப்புறம் அந்த ஜன்னல். கட்டிலை ஒட்டியது. தூங்கும் பெரியவரின் வலது கை எட்டும் இடத்தில் மட்டும் ஜன்னல் விளிம்பின் பெயின்ட் தேய்ந்து, மரம் வழவழவென்று வெளியே தெரிந்தது. வருஷக்கணக்காக ஒரு முழங்கை அங்கே ஊன்றியிருக்கிறது.

“ரேடியோ, அந்த ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கு?”

“காத்து இருக்கு. அதுக்குக் கீழே கீழ் வீட்டு சன்ஷேடு.”

“வா.”

கீழ் வீட்டுக் கதவைத் திறந்தவர் போட்டோக்காரர். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். கழுத்தில் கேமரா இல்லாதபோதும் இருப்பதுபோலவே கொஞ்சம் குனிந்து நின்றார். ஜன்னலையும் சன்ஷேடையும் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னதும் முகம் சுருங்கியது.

“குடியிருப்போர் சங்கத்துலேர்ந்தா வர்றீங்க? எச்சம் போடுதுன்னு புகார் கொடுத்தது எதிர் வீடு. எனக்குப் புறாவால ஒரு தொந்தரவும் இல்லை.”

“புறா இருக்கா இங்கே?” என்றாள் மேடம்.

“இருக்காவா?” அவர் விலகி வழிவிட்டார்.

அறையின் மூன்று சுவர்களில் மணப்பெண்கள் சிரித்தார்கள். நான்காவது சுவரில் புறாக்கள். மிக அருகிலிருந்து, தலை முதல் கால்வரை எடுக்கப்பட்ட பெரிய பெரிய படங்கள். கழுத்தின் பச்சையும் ஊதாவும் மழை பெய்த தார்ரோட்டில் எண்ணெய் சிந்தியதுபோல மின்னின. எந்தப் புறாவும் பறக்க நினைத்ததாகத் தெரியவில்லை.

“பாஸ்போர்ட் போட்டோ எடுத்த மாதிரி நிக்குதே,” என்றான் ரேடியோ. “எங்க வீட்டுப் பக்கத்துல புறாவை நான் நினைச்சாலே பறந்துடும்.”

“பொறுமை வேணும் தம்பி. ஜன்னல்லேர்ந்து உடம்பைப் பாதி வெளியே நீட்டி, மூச்சை அடக்கி, இவ்வளவு கிட்ட.” உள்ளங்கையைக் காட்டினார். “நம்ம மேல அதுங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும். அந்தக் கண்ணைப் பாருங்க. இது போட்டியில முதல் பரிசு வாங்கினது. தலைப்பு, தியானம்.”

படத்திலிருந்த புறாவின் இமைகள் பாதி மூடியிருந்தன. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

“இப்பவும் எடுக்கறீங்களா?” என்றாள் மேடம்.

போட்டோக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ரெண்டு மாசமா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கேமராவை எடுத்தாலே படபடன்னு போயிடுது. அதே புறாதான். என் மேல என்ன கோபமோ.”

“ரெண்டு மாசமாவா?”

“மேல் வீட்டுக்கு அந்த நர்ஸ் வந்தாங்களே, ஏறக்குறைய அப்போலேர்ந்து. அவங்கதான் எதையாவது போட்டு விரட்டறாங்களோன்னுகூட நினைச்சேன்.”

மேடம் அந்தப் பரிசுப் படத்தின் முன்னால் போய் நின்றாள். ரேடியோ ஏதோ சொல்ல வந்து, அவள் முதுகைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அந்த முதுகு அப்படி நிமிர்ந்தால் பேசக்கூடாது என்பது அவனுக்குக்கூடத் தெரியும்.

“இதைக் கம்ப்யூட்டர்ல பெரிசு பண்ணிக் காட்ட முடியுமா?”

“கண்ணைத்தானே? பிரமாதமா வரும்.”

“காலை.”

போட்டோக்காரர் மனமில்லாமல் திரையில் காலைப் பெரிதாக்கினார். சிவப்பு விரல்கள், சிமென்ட் தூசி, ரஸ்க் துணுக்குகள். நகங்களுக்கு நடுவில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று.

“சட்டைப் பட்டன்,” என்றான் ரேடியோ.

“பட்டன்னா ஓட்டை இருக்கும். இதுல நடுவுல ஒரு கோடு இருக்கு பார். பாதியா உடைக்கறதுக்கு.”

போட்டோக்காரர் திரையை நோக்கி இன்னும் குனிந்தார்.

“அப்போ,” என்றார் போட்டோக்காரர் மெதுவாக, “தியானம்?”

“பெரியவரோட தூக்க மாத்திரை,” என்றாள் மேடம். “பிரஷர் மாத்திரையும் இருக்கும். ரஸ்க்கோட ரஸ்க்கா கொத்தியிருக்கு.”

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். “பரிசைத் திருப்பிக் கேட்பாங்களா?”

“புறா ஒண்ணும் சாட்சி சொல்லப் போகாது சார்,” என்று அவர் தோளைத் தட்டினான் ரேடியோ. பிறகு மேடத்திடம் திரும்பினான். “பெரியவர் மாத்திரையை முழுங்கவே இல்லையா?”

“இல்லை. மகன் வெளியே போய் நின்னதும் ஜன்னல் வழியா போட்டிருக்கார். டாக்டர் வந்து பிரஷர் பார்த்தா குறையலை. மாத்திரையை ஏத்தினார். மறுபடியும் பார்த்தார், குறையலை. இன்னும் ஏத்தினார். குறையணும்னா அது வயித்துக்குள்ள போயிருக்கணுமே? தூக்க மாத்திரையும் அதே கதைதான். ஏறிக்கிட்டே போச்சு. அப்போதான் நேர்மையான ஒரு பொண்ணு வேலைக்கு வந்தா. முழுங்கக் கஷ்டப்படறாரேன்னு நசுக்கிப் பழத்துல கலந்து ஊட்டினா. வருஷக்கணக்கா ஏத்தி வெச்ச மருந்து மொத்தமும் முதல் தடவையா அவர் உடம்புக்குள்ள போச்சு. புறா தெளிஞ்சது. இவர் மயங்கிட்டார்.”

“அப்போ அவ செஞ்ச குற்றம்?”

“வேலையை ஒழுங்கா செஞ்சது.”

ரேடியோ தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். “மேடம். மகனும் அதைத்தானே இப்போ செய்யறார்?”

மேடம் ஏற்கனவே போனை எடுத்திருந்தாள். கூரைக்கு மேலே மணி அடிப்பது அவர்களுக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“காது மெஷின் சட்டைப் பையில இருக்கு,” என்றாள்.

படியில் அவள் ஓடி ரேடியோ பார்த்ததில்லை. மேலே போய் மணியை அழுத்தினாள். கதவைத் தட்டினாள். உள்ளங்கை வலிக்கும்வரை தட்டினாள். உள்ளே நாற்காலியை இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிறார். அப்புறம் கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாமே கேட்டது; அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது.

“உடைச்சிடவா?” என்றான் ரேடியோ.

“உன் தோள்தான் உடையும். கீழே மீட்டர் பெட்டி இருக்கில்லே? இந்த வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கு.”

“எதுக்கு?”

“காது கேட்காதவருக்கும் ஃபேன் நின்னா தெரியும். போ.”

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். மேடம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கரண்டிச் சத்தம். அமைதி. மறுபடி கரண்டிச் சத்தம். உள்ளே ஒரு குரல், வயதான மகனின் குரல், குழந்தைக்குச் சொல்வதுபோல, “இன்னும் ஒரு வாய் அப்பா, ஒரே வாய்.”

உள்ளே சுழன்றுகொண்டிருந்த ஃபேன் இழுத்து இழுத்து நின்றது. நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்து, தாழ்ப்பாள் விலகியது.

“கரண்ட் போயிடுச்சா?” என்றார் மகன், கையில் கிண்ணத்தோடு. அவளைப் பார்த்துத் திகைத்தார். கிண்ணத்தில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. மேடம் அதை வாங்கி, கதவுக்குப் பின்னால் தரையில் வைத்தாள்.

“அது அப்பாவோட மருந்து,” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. “யார் நீங்க இதை எடுக்க? நேரம் தவறினா அவருக்கு ஆகாது.”

“டாக்டர்கிட்ட பேசற வரைக்கும் வேண்டாம்,” என்று அவள் உதடுகள் தெரியும்படி மெதுவாகச் சொன்னாள். அவர் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் உள்ளே போய் டாக்டருக்குப் போன் செய்வதைத் தடுக்கவும் இல்லை. நின்றுபோன ஃபேனையே குழப்பத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

டாக்டரிடம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். நர்ஸ் வரும்வரை பெரியவர் ஒரு மாத்திரைகூட முழுங்கவில்லை என்றால்? மறுமுனையில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரல் மாறியிருந்தது. “இதுக்கு மேல ஒரு துளிகூடக் கொடுக்காதீங்க. தூங்க விடாம பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்.”

மூச்சிரைக்க வந்த ரேடியோவிடம் கண்ணைக் காட்டினாள். அவன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டான். “சார், கீழே ஃப்யூஸ் போயிருக்கு. எது உங்களுதுன்னு தெரியலை. வந்து காட்டுங்க,” என்று சைகையும் சத்தமுமாகக் கூட்டிக்கொண்டு போனான். படிகளில் அவன் குரல் கரைந்துபோகும்வரை ஓயவில்லை.

மேடம் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஐயா. ஐயா, என்னைப் பாருங்க.”

தொண்ணூற்றேழு வயது முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. கண்கள் ரொம்ப தூரத்திலிருந்து வந்து சேர்ந்தன.

“நீங்க மாத்திரையெல்லாம் புறாவுக்குப் போட்டீங்களா?”

உதட்டில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. “ரஸ்க்குதான் போட்டேன். மாத்திரையும் கூடப் போயிடும்.”

“ஏன்?”

“ராத்திரியெல்லாம் முழிச்சு ரயில் ஓட்டினவன். கண்ணசந்தா பின்னாடி இருக்கறவங்க கதி என்னன்னு பயந்து பயந்தே பழகிடுச்சு. அதைப் போட்டா பகல்லயே மேகத்துக்குள்ள போன மாதிரி இருக்கும். முழிச்சிருக்கற நேரம் ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அதையும் எப்படிக் கொடுக்கறது?” மூச்சு வாங்கினார். “அந்தப் பொண்ணு வந்தப்புறம் ஏமாத்த முடியலை. நல்லா மசிப்பா. எங்கே அவ, நேத்துலேர்ந்து காணோம்?”

“ஸ்டேஷன்ல. உங்களுக்கு விஷம் வெச்சான்னு.”

அவர் கை போர்வைமேல் எதையோ தேடியது. பிறகு ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழ முயன்றார். மேடம் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். ஒன்றுமே இல்லாததுபோல் எடையில்லாத முதுகு. உள்ளே இதயம் மட்டும் நிதானமாக, ரொம்ப நிதானமாக, யோசித்து யோசித்து அடித்தது.

“தப்பு. அது பெரிய தப்பு. போய்ச் சொல்லுங்க, நான் பண்ணதுன்னு.”

“சொல்றேன். ஆனா புகார் கொடுத்தது உங்க மகன். அவர் நம்பி வாபஸ் வாங்கினாத்தான் அந்தப் பொண்ணு இன்னைக்கே வீட்டுக்குப் போவா. காரணம் கேட்காம வாங்குவாரா?”

“சர்வேயர். அங்குலம் அங்குலமாக் கேப்பான்.”

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர். “மேடம், வண்டி ரெடியாயிடுச்சு. சொல்றதுக்கு ஏதாவது இருக்கா, இல்லை ஏத்திடவா?”

“கொஞ்சம் லைன்லயே இருங்க,” என்றாள்.

கீழே ரேடியோ உரக்கச் சிரித்தான். ஃபேன் மெல்லச் சுழல ஆரம்பித்தது. படியேறும் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் எதிர்பாராத பலம் இருந்தது.

“அவனுக்குக் காது போனப்புறம் நாங்க அவ்வளவா பேசிக்கறதில்லை. ஞாயித்துக்கிழமை ஆனா அந்த மேஜையில உட்காருவான். ரெண்டு கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு மாத்திரையா எடுத்து அந்தந்தக் கட்டத்துல வைப்பான். தப்பா வெச்சுட்டோமோன்னு மொத்தத்தையும் கொட்டி மறுபடி வைப்பான். நடுவுல என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். என்னை உயிரோட வெச்சிருக்கறது தான்தான்னு அவனுக்கு ஒரு எண்ணம்.”

செருப்புச் சத்தம் கதவுக்கு வந்துவிட்டது. போனுக்குள் இன்ஸ்பெக்டர் “ஹலோ” என்றார்.

“அந்தப் பொண்ணு விஷயத்துல ஒண்ணும் மறைக்க வேண்டாம். நான் தூக்கிப் போட்டேன்னே சொல்லுங்க,” என்றார் பெரியவர், அவசரமாக, தணிந்த குரலில். “ஆனா அத்தனை வருஷம்னு அவன்கிட்ட சொல்லாதீங்கம்மா. கொஞ்ச நாளாத்தான்னு சொல்லுங்களேன்.”